உதைத்துவிட்டுக் கும்பிட்டவள்

சங்கிலி பெரிதல்ல. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தாலிக்கொடி வங்கி லொக்கரில் பத்திரமாக இருந்தது. கழுத்தில் கிடந்தது அன்றாடம் போடும் மெல்லிய சங்கிலி.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், காலைவேளையில், உஷாந்தி பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. வழி விடுவதற்காக அவள் சுவரோரம் ஒதுங்கினாள். ஒதுங்கியவளின் கழுத்தில் ஒரு கை விழுந்தது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தான் முழங்காலில் நிற்பதும் கழுத்தில் சங்கிலி இல்லாததும் பால் சட்டையில் வழிவதும்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தது நினைவிருந்தது. சத்தம் வரவில்லை.

"கொடி லொக்கரில இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று தங்கை கனடாவிலிருந்து சொன்னாள். "கழுத்து தப்பினதே" என்றார்கள் பக்கத்து வீட்டார். இரண்டும் உண்மை. முழங்கால் காயமும் ஆறிவிட்டது. ஆனால் அதன்பிறகு, எங்கே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் அவளுடைய வலது தோள் தானாகவே சுவரைத் தேடிப் போயிற்று. சுவரில்லாத இடத்தில் அவளால் நடக்க முடியவில்லை. சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்பு முழுக்கத் தனியே திரிந்தவள், நாற்பத்துமூன்று வயதில் கடைக்குப் போகத் துணை தேடினாள்.

வீட்டுக்குள்ளும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். சரியாகப் பார்த்தேனா என்று திரும்ப எழும்புவாள். அடுக்கிய கோப்பைகளை மறுபடி அடுக்குவாள். நித்திரை துண்டு துண்டாக வந்தது.

"உஷா, கொஞ்சம் ஒரு இடத்தில இரன்" என்பான் கணவன் பிரியந்தன். "எனக்குத் தலை சுத்துது."

"இருந்தா எனக்குச் சுத்துதப்பா."

பம்பலப்பிட்டியில் சாமான் இறக்குமதி செய்து கொடுக்கும் ஒரு சிறிய கொம்பனியில் அவள் கணக்கு வேலை பார்த்தாள். பிரியந்தன் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி இரத்மலானையில் தன் வேலைக்கு ஓடினான். அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் ஒருநாள் முதலாளி யோகநாதன் எல்லோரையும் கூப்பிட்டு, தைப்பொங்கல் முடிய ஒஃபிஸ் ஒருகொடவத்தைக்கு மாறுகிறது என்றார். கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் வளவுகளுக்குப் பக்கத்தில் விசாலமான இடம், வாடகையும் குறைவு.

"வருவியள்தானே உஷாந்தி?" என்று தனியாகவும் கேட்டார். "வராட்டி இப்பவே சொல்லுங்கோ. நான் வேற ஆளைப் பாக்கோணும்."

"ஓம் சேர், வருவன்."

மேசைக்குத் திரும்பியபிறகுதான் வழியை யோசித்தாள். ஒருகொடவத்தை வடக்கே, இரத்மலானை தெற்கே. பிரியந்தனால் இரண்டு பக்கமும் ஓட முடியாது. பஸ்ஸில் போய் இறங்கி, லொறிகள் போகும் நீண்ட வீதியில் தனியாக நடக்க வேண்டும். அது முடியாவிட்டால் வேலை இல்லை. வேலையைவிட அவளை அரித்தது அதற்கு அப்பால் இருந்தது. இதற்காக வேலையை விட்டால், பிறகு வீட்டைவிட்டு வெளியே வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. வராமலே இருந்துவிடுவாள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பிரஷர் பார்த்த டொக்டர் நடக்கச் சொன்னார். "மரீன் ட்ரைவில எத்தினை பேர் நடக்கினம், நீங்களும் நடவுங்கோ." நடக்கப் பயம் என்று டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கராத்தே வகுப்பைப் பற்றிச் சொன்னவன் பஸீர். துறைமுகத்துக்கும் ஒஃபிஸுக்கும் இடையில் பத்திரங்களோடு ஓடித் திரியும் இளைஞன், கொட்டாஞ்சேனைக்காரன். அங்கே தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் சிறில் மாஸ்டர் என்பவர் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கென்று வகுப்பு நடத்துகிறார், தன்னுடைய மனைவியின் தங்கையும் போகிறாள் என்றான்.

"கராத்தேயோ?" என்றான் பிரியந்தன். "போன வருசம் வாங்கின நடக்கிற மெஷின்ல இப்ப உடுப்புக் காயுது. கராத்தே உடுப்பையும் அதிலயே காயப் போடலாம்."

பதினைந்து வயது மகள் சாருஜா சந்தோஷப்பட்டாள். "அப்பா, இனி கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லேலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிரியந்தனே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை எதிர்த் தேநீர்க் கடையில் காத்திருந்து கூட்டி வந்தான். தற்காப்புக் கலை பழகப் போகிறவளுக்குக் காவல் தேவைப்பட்டது. "உனக்கு நான் பொடிகார்ட், எனக்கு ஆர்?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டான்.

மண்டபத்து வாசலில் மூன்று மொழிகளிலும் ஒரு பலகை இருந்தது. உடல் நலம், மன அமைதி, தன்னம்பிக்கை. உஷாந்தி அதை நம்பவில்லை. அந்தப் பலகை சொன்னவற்றில் எது கிடைத்தது என்று பின்னால் யோசித்தபோதும் அவளால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. உடல் நலம் என்று முதலில் வந்தது தொடைநோவு. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். மன அமைதி வரவே இல்லை. களைப்பு வந்தது. களைப்பில் சனிக்கிழமை இரவுகளில் நித்திரை ஒரே துண்டாக வந்தது. சில வாரங்களில் அது புதன், வியாழன்வரை நீண்டது. டொக்டர் பிரஷர் மருந்தைக் கூட்டவில்லை. சாதித்தது என்று காட்ட இவ்வளவுதான் இருந்தது.

சிறில் முப்பத்தைந்து வயதுக்காரர். துறைமுகத்தில் வேலை. அவரை மாஸ்டர் என்று கூப்பிட உஷாந்திக்கு வாய் கூசியது. அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டினார்.

"அக்கா, கையால அடிக்காதீங்க. காலால அடிங்க."

"கைதானே மாஸ்டர் அடிக்குது?"

"கை கடைசியா போற சாமான். கால்தான் அடிக்குது. இடுப்பு அனுப்புது. கை சும்மா போய்ச் சேருது. ஹரி, திரும்ப." சரி என்பதற்கு அவர் சிங்களத்தில் ஹரி என்பார்.

அவளுக்குச் சோடியாக வாய்த்தவள் ஜீவராணி. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை செய்பவள். முப்பது வயதிருக்கும். மெல்லிய உடம்பு, ஆனால் தள்ளினால் அசையமாட்டாள். உதைகள் பழகத் தொடங்கிய நாளில்தான் இருவருடைய குறையும் வெளிப்பட்டது.

ஒருத்தி முன்னால் காலை வீசி மற்றவளின் வயிற்றில் பட்டும் படாமலும் நிறுத்த வேண்டும். நிறுத்தி, காலை இழுத்து, கைகளை முகத்துக்கு முன்னால் வைத்து நிற்க வேண்டும். உஷாந்தியின் கால் ஜீவராணியின் வயிற்றில் பட்டது. உடனே உஷாந்தியின் வலது கை நீண்டு ஜீவராணியின் தோளைத் தொட்டது. தொட்ட விரல்கள் உஷாந்தியின் கண்களுக்கே திரும்பிப் போயின.

"என்ன அக்கா செய்றீங்க?"

"கால் பட்டிட்டுது மாஸ்டர்."

"கால் படத்தான் உதைக்கச் சொன்னேன்."

திரும்ப உதைத்தாள். திரும்பவும் கை போயிற்று. பிறகு ஜீவராணியின் முறை. அவளும் உதைத்தாள், குனிந்து உஷாந்தியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்துச் சோடிகள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"எங்க வீட்லயும் அப்படித்தான் மாஸ்டர்" என்றாள் ஜீவராணி. "பெரியவங்க மேல கால் பட்டா சும்மா வரக்கூடாது."

சிறில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். சங்கிலி பறிபோன கதையை உஷாந்தி சேர்ந்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தாள். "ஹரி, அந்தச் சங்கிலிக்காரன் வந்தா என்ன செய்வீங்க அக்கா? உதைச்சிட்டு அவனையும் தொட்டுக் கும்பிடுவீங்களா? அவன் காப்பையும் கழட்டிட்டுப் போவான்."

மண்டபம் சிரித்தது. உஷாந்தியும் சிரித்தாள். அந்தக் காலைக்குப் பிறகு அதைப் பற்றி அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் கை அடங்கவில்லை. கும்பிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே உதைப்பாள். சொல்லி முடிவதற்குள் கை போய்விட்டிருக்கும். சின்ன வயதில் அம்மா ஒவ்வொரு முறையும் மண்டையில் குட்டிப் பழக்கியது. ஆள்மேல் பட்டாலும் கும்பிடு, புத்தகத்தில் பட்டாலும் கும்பிடு. மனம்தான் உடம்பை நடத்துகிறது என்று இதுவரை நினைத்திருந்தாள். இப்போது உதைக்கும்போதெல்லாம் மனம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்தாள். அவளுடைய தோளும் அப்படித்தானே. சுவரோரம் போ என்று அவள் ஒருபோதும் அதற்குச் சொல்லவில்லை. கையை அம்மா பல வருடம் எடுத்துப் பழக்கினாள். தோளை அந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒரே விநாடியில் பழக்கிவிட்டான். ஒரு விநாடியில் பழகியதை மாற்ற எவ்வளவு காலம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பொங்கலோ வந்துகொண்டிருந்தது.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சிறில் புதுப் பயிற்சி கொடுத்தார். ஒருத்தி கண்ணை மூடி நிற்க, மற்றவள் பின்னால் வந்து கழுத்துச் சட்டையைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவள் பிடித்த பக்கமாகவே திரும்ப வேண்டும். விலகி ஓடினால் இழுபடுவீர்கள், திரும்பினால் பிடி தளரும் என்று செய்து காட்டினார். எல்லோரும் செய்தார்கள். உஷாந்தி கண்ணை மூடினாள். ஜீவராணியின் விரல்கள் கழுத்தில் பட்டன.

திரும்புவதற்குப் பதில் அவள் முழங்காலில் விழுந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சிறில் தண்ணீர் கொண்டுவந்தார். யாரோ மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். உஷாந்தி எழும்பி, பையை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கராத்தே உடுப்போடேயே வீதியைக் கடந்து தேநீர்க் கடையில் இருந்த பிரியந்தனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வீட்ட போவம்."

அவன் பகிடி விடவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான்.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. தொடைநோவு போயிற்று. நித்திரை மறுபடி உடைந்தது. தாழ்ப்பாளைப் பார்க்க எழும்பத் தொடங்கினாள். யோகநாதனிடம் எப்படிச் சொல்வது என்று வசனங்களை மனதில் அடுக்கினாள். பிள்ளையின் படிப்பு, வீட்டுநிலை, தூரம். எல்லாம் கண்ணியமான காரணங்கள். அவற்றை அடுக்க அடுக்க அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

ஜீவராணி தொலைபேசியில் வந்தாள். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம்.

"அக்கா, என்னால தானா நீங்க வரல?"

"இல்லையடா. உன்னால இல்லை."

"என் கை ஒங்க கழுத்துல பட்டுச்சு, நீங்க விழுந்தீங்க. எனக்கு மனசு கேக்கல. மாஸ்டர் வேற சோடி போட்டுத் தாரேன்னாரு. வேணாம்னுட்டேன்."

"உனக்குப் பயமில்லையா ஜீவராணி? வேலை முடிஞ்சு தனியத்தானே நடந்து போறாய்?"

"இல்லாம? பஸ்ஸுல, ரோட்டுல, கடையில, தெனம் ஏதாச்சும் ஒண்ணு இருக்குக்கா. ஒங்களுக்கு ஒருக்கா நடந்துச்சு, அதனால அது பெருசாத் தெரியுது. எனக்கு அப்பப்போ நடக்குறதுனால வேலையோட வேலையாப் போயிருது. அது நல்லதுன்னு சொல்லல." பின்னால் யாருக்கோ வாறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, "கராத்தே படிச்சதால பயம் போச்சான்னு கேட்டீங்கன்னா, போகல. முன்ன பயந்தா குனிஞ்சுக்குவேன். இப்ப பயந்தா நிமிந்து பாக்குறேன். அம்புட்டுதான் மிச்சம்" என்றாள்.

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது உஷாந்திக்குப் பிடித்திருந்தது. பலகையில் எழுதியிருந்ததைவிட இது குறைவாக இருந்தது, அதனால் நம்பக்கூடியதாக இருந்தது.

"நீங்க வாங்கக்கா. என்னய யாரும் ஒழுங்கா உதைக்க மாட்டேங்குறாங்க."

போனாள். சிறில் ஒன்றும் கேட்கவில்லை. "வரிசையில நில்லுங்க" என்றார். கழுத்தைப் பிடிக்கும் பயிற்சியை இம்முறை கண் திறந்தபடி, மெதுவாக, ஜீவராணி வாயால் சொல்லிச் சொல்லிச் செய்தாள். "வாறேன்க்கா. கை வருது. இப்ப புடிக்கிறேன்." உஷாந்தி திரும்பினாள். திரும்பவும் செய்தார்கள். வியர்வையில் பிடி வழுக்கியது. வாரங்கள் போகப் போக ஜீவராணி சொல்வதைக் குறைத்தாள். ஒருநாள் சொல்லாமலே பிடித்தாள். உஷாந்தி பாதி திரும்பி நின்றுவிட்டாள். பாதியாவது திரும்பினேன் என்று அன்றிரவு பிரியந்தனிடம் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. தலையாட்டினான்.

கும்பிடு பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்தவளும் ஜீவராணிதான். சோடிப் பயிற்சி தொடங்குமுன் இருவரும் எதிரெதிரே நின்று தலை குனிய வேண்டும் என்பது கராத்தே முறை.

"அந்தக் குனியிறதுலயே எல்லாத்துக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுக்குவோம்க்கா. மொத்தமா, முன்கூட்டியே."

"எத்தினை உதைக்கு?"

"கணக்கு வேணாம். நீங்க கணக்கு வேலைங்கிறதால கேக்குறீங்க."

அன்றிலிருந்து இருவரும் மற்றவர்களைவிடச் சற்று அதிகநேரம் குனிந்து நின்றார்கள். கை உடனே அடங்கிவிடவில்லை. புறப்படும், பாதி வழியில் தயங்கும். தயங்கிய இடம் முகத்துக்கு முன்னால், காவல் வைக்க வேண்டிய இடமாகவே இருந்தது. "கை நல்லா நிக்குது" என்றார் சிறில். ஏன் அங்கே நிற்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பொங்கல் வந்து போயிற்று. ஒஃபிஸ் சாமான்கள் லொறியில் ஏறின. முதல் நாள் மட்டும் விடுப்பு எடுத்துத் தானே கொண்டுபோய் விடுவதாகப் பிரியந்தன் சொல்லியிருந்தான். அன்று காலை ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

உஷாந்தி சப்பாத்தைப் போட்டாள். கழற்றினாள். வேறு சப்பாத்தைப் போட்டாள்.

"இண்டைக்கு நீங்கள் கொண்டுபோய் விட்டா, நாளைக்கும் நான் வாசல்ல நிப்பனப்பா" என்றாள்.

"அப்ப?"

"நீங்கள் இரத்மலானைக்குப் போங்கோ."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை, கிளம்பவும் இல்லை. அவள் அவனைத் தாண்டி வெளியே வந்தாள். நின்றால் மனம் மாறிவிடும் என்று தெரிந்ததால் வேகமாக நடந்தாள். பஸ்கள் ஓடும் காலி வீதி என்ற பெரிய தெருவரை சுவர் இருந்தது. தோள் அதை உரசிக்கொண்டே வந்தது. அதை அவள் தடுக்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பஸ் மாறினாள். இறங்கிய இடத்தில் தூசியும் டீசல் மணமும் இருந்தன. ஒரு பக்கம் லொறி வரிசை, மறுபக்கம் கம்பிவேலி. சுவர் என்று எதுவும் இல்லை.

நடந்தாள். லொறிகள் அவளை ஒன்றும் செய்யவில்லை. பெரிய சத்தங்களைத் தாங்க முடிந்தது. பாதி தூரத்தில் அந்தச் சின்னச் சத்தம் வந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். வந்த வேகத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது.

வலது தோள் வேலிப் பக்கம் சரிந்தது. அது சரிந்ததை அவள் உணர்ந்தாள். அதே வேளை இடுப்பு மற்றப் பக்கமாகத் திரும்பியது, பின்னால் கால் பதிந்தது. தோள் இழுத்த பக்கத்துக்கும் கால் நின்ற பக்கத்துக்கும் நடுவில் அவள் ஒரு கணம் கோணலாக நின்றாள். பிறகு வந்தவனுக்கு நேரெதிரே நின்றாள்.

"நில்" என்றாள். சத்தம் வந்தது. எதிரே போன லொறியின் உதவியாளன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

மோட்டார் சைக்கிள் சறுக்கி நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான்.

"மேடம், நான் பஸீர். ஒஃபிஸுக்குத்தானே, ஏத்திக்கொண்டு போகலாமெண்டு…"

பஸீர் இரண்டு கைகளையும் பிடியிலிருந்து எடுத்து அவள் பார்க்கும்படி வைத்திருந்தான். அப்படி வைத்திருப்பது அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க போங்க பஸீர்."

"வெயில் மேடம். தூரம்."

"நான் நடந்து வாறன்."

அவன் போனான். போகும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே போனான். அதன்பிறகுதான் அவளுடைய கால்கள் நடுங்கத் தொடங்கின. தொடையிலிருந்து கணுக்கால்வரை நடுங்கின. நடுங்கும் காலால் நடக்க முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. மண்டபத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கடந்தன. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள். ஒருவன் முறைத்தான்.

புது ஒஃபிஸில் மேசைகள் தாறுமாறாகக் கிடந்தன. யோகநாதன் மின்சார வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, "வந்திட்டியளா? நல்லது. உங்கட மேசை அந்த ஜன்னலடியில" என்று சொல்லிவிட்டு வயருக்குத் திரும்பினார். எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பஸீர் மட்டும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சற்று எட்டவே நின்றான்.

தொலைபேசி அடித்தது. பிரியந்தன்.

"போய்ச் சேந்திட்டியா?"

"ஓம்."

"பயமாயிருந்ததா?"

"இருந்தது. இப்பவும் இருக்கு."

பின்னால் இரத்மலானை மெஷின்களின் சத்தம் கேட்டது. "பின்னேரம் வரட்டா? அரைநாள் கேட்டுப் பாக்கலாம்."

அவள் ஜன்னலால் பார்த்தாள். அதே வீதி. மாலையில் எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். வேலி இடது கைப் பக்கம் வரும். அந்தப் பக்கமாகத் திரும்பி இன்னும் சரியாகப் பழகவில்லை.

"வேண்டாம். நான் வர நேரமாகும், அரிசியைப் போட்டு வையுங்கோ. தண்ணியைக் கூடுதலா விடாதேங்கோ, போன முறை கஞ்சியாப் போச்சு."

தொலைபேசியை வைத்தாள். மேசைக்கடியில் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, கணினியின் வயரைத் தேடினாள்.